தாய்மாமன் ஒருவர், இருக்கை இருபத்தொன்பது

சொந்தக்காரர்கள் பெரும்பாலும் எதையும் மன்னித்துவிடுவார்கள். சாம்பாரில் உப்பு இல்லை என்றால் முகத்தைச் சுளித்துவிட்டு ரசத்துக்குப் போய்விடுவார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் வந்து காபி குடிப்பார்கள். ஆனால் கல்யாண வேன் தெருவரைக்கும் வந்து, எதிர்வீட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு, நம்மை மட்டும் நிறுத்திவிட்டுப் போனால், அருப்புக்கோட்டை வட்டாரத்தில் அதற்கு மன்னிப்பு என்பதே கிடையாது. இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. அப்படி ஒரு வேனை அனுப்பிவைத்தவனே நான்தான்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டதால், அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் கைலியும் மேலே இஸ்திரி போட்ட சட்டையுமாக உட்கார்ந்திருப்பேன். கேமராவில் சட்டை மட்டும்தான் தெரியும். (வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மற்றவர்கள் எழுதிய கணினி நிரலை ஓடவிட்டு, ஓடுகிறது என்றோ ஓடவில்லை என்றோ எழுதி அனுப்ப வேண்டும். வீட்டில் அப்படிச் சொல்லவில்லை. "கம்பெனியே என்னைய நம்பித்தான் ஓடுது" என்று சொல்லி வைத்திருந்தேன்.)

அக்கா மீனாவுக்குத் திருச்சுழியில் மாப்பிள்ளை அமைந்தார். கல்யாணமும் அங்கேயே ஒரு மண்டபத்தில். நம் பக்கத்து ஆட்களை ஊர் ஊராகப் போய் ஏற்றிக்கொண்டு வர வண்டி பேச வேண்டும். அப்பாவின் திட்டம் ரொம்ப எளிது. மூன்று வேன் சொல்லிவிடுவது, ஊருக்கு ஒன்று அனுப்புவது, யார் வந்தாலும் ஏறிக்கொள்வது, இடம் இல்லாவிட்டால் மடியில் உட்காருவது. எங்கள் குடும்பத்தில் காலம் காலமாக இப்படித்தான் எல்லாக் கல்யாணமும் நடந்திருக்கிறது. ஒருவரும் விடுபட்டதில்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை.

"அப்பா, இப்படி ஆட்ட மந்தைய ஓட்டுற மாதிரி ஓட்டக்கூடாது. நான் ஒரு புரோகிராம் எழுதிர்றேன். எந்த ஊருல எத்தன பேரு, அதுக்கு வேன் போதுமா பஸ்ஸு வேணுமான்னு அதுவே சொல்லிரும்."

"அதுவே சொல்லுமா?"

"அதுவே சொல்லும்."

"தப்பாச் சொல்லாதுல்ல?"

"மனுசங்கதான்ப்பா தப்புப் பண்ணுவாங்க. கம்ப்யூட்டரு பண்ணாது."

அப்பா என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். ஆறு வருடம் படிக்க வைத்ததற்கு (நான்கு வருடப் படிப்புத்தான்; இரண்டு வருடம் என் சொந்த முயற்சி) ஏதாவது பலன் கிடைக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "சரி செய்யி" என்று சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்கு ஒரே அண்ணன். பாலவனத்தத்தில் இருக்கிறார். அவருக்கும் அப்பாவுக்கும் பல வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. சொந்தக் கிணற்றுப் பக்கத்தில் மோட்டார் ரூம் கட்டும்போது கதவைக் கிழக்குப் பார்த்து வைப்பதா, மேற்குப் பார்த்து வைப்பதா என்பதில் வந்த சண்டை. கிணறு வற்றியது. மோட்டாரைக் கழற்றி விற்றாகிவிட்டது. ரூமின் ஓடுகூடச் சரிந்துவிட்டது. கதவுச் சண்டை மட்டும் அப்படியே நின்றது. மீனா அக்காவின் கல்யாணத்தைச் சாக்காக வைத்துத்தான் அப்பா வெற்றிலை பாக்கோடு அண்ணன் வீட்டுக்குப் போய், "அண்ணே, நீங்க வந்து தாலியத் தொட்டுக் குடுத்தாத்தான் எம்மக கழுத்துல அது ஏறும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். பெரியப்பாவும், "வண்டி அனுப்பு, குடும்பத்தோட வாரோம்" என்று சொல்லியிருந்தார். அந்த வண்டி என் பொறுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலையைத் தொடங்கினேன். அப்பாவையும் அம்மாவையும் சேர்த்து உட்கார வைத்து ஆட்களைக் கேட்டால், 'உங்க ஆளுக அதிகமா எங்க ஆளுக அதிகமா' என்று பேச்சு திசைமாறிவிடும். அதனால் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். அப்பா சொன்னது ஒன்று, அம்மா சொன்னது ஒன்று. இரண்டிலும் ஊரின் பெயர், அதற்கு நேராக அந்த ஊர் ஆட்கள். பைத்தான் என்ற கணினி மொழியில் இப்படி ஒன்றுக்கு நேராக இன்னொன்றை வைத்திருக்கும் தொகுப்புக்கு டிக்‌ஷனரி என்று பெயர். ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நிற்க வைத்தால் லிஸ்ட். இன்னும் ஒன்றிரண்டு வகை உண்டு. எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று நான் நம்பினேன்.

இல்லை. குணத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

இரண்டு லிஸ்ட்டுக்கு நடுவில் கூட்டல் குறி போட்டால் சமர்த்தாகச் சேர்ந்துகொள்ளும். ஆனால் கழித்தல் குறியைக் காட்டினால் முடியாது என்று சொல்லிவிடும். செட் என்று ஒன்று இருக்கிறது, அதற்குக் கழிக்கத் தெரியும், கூட்டத் தெரியாது. (இப்படி இரண்டு அத்தைகள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஒருவர் ஆளைச் சேர்க்க மட்டும் செய்வார், இன்னொருவர் விலக்க மட்டும் செய்வார்.) டிக்‌ஷனரிக்கு இரண்டுமே ஆகாது. இது ஏன் இப்படி என்று அதை உருவாக்கியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

நான் அப்பாவின் டிக்‌ஷனரியையும் அம்மாவின் டிக்‌ஷனரியையும் எடுத்து நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டேன். எரர். 'இவை இரண்டையும் கூட்ட முடியாது' என்று வந்தது. (அப்பாவையும் அம்மாவையும் பற்றி அது சரியாகத்தான் கணித்திருந்தது.) இணையத்தில் தேடினேன். யாரோ ஒருவர், கூட்டல் குறிக்குப் பதில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு போட்டால் சேர்ந்துவிடும் என்று எழுதியிருந்தார். அந்தக் கோட்டை எங்கள் தொழிலில் பைப் என்பார்கள். போட்டேன். எரர் இல்லை. கோட்டைப் பற்றி அவர் அதற்குக் கீழே நான்கு வரி விளக்கமும் எழுதியிருந்தார். எரர் போன சந்தோஷத்தில் நான் அதைப் படிக்கவில்லை.

அந்த நான்கு வரியில் இருந்தது இதுதான். இரண்டு பக்கமும் ஒரே ஊர் இருந்தால், கோடு அந்த ஊர் ஆட்களை ஒன்றாகச் சேர்க்காது. வலது பக்கத்தில் இருப்பவர்களை வைத்துக்கொண்டு, இடது பக்கத்தில் இருந்தவர்களை அப்படியே தூக்கிப் போட்டுவிடும். அப்பாவின் பாலவனத்தத்தில் பெரியப்பா குடும்பம் இருந்தது. அம்மாவின் பாலவனத்தத்தில் சித்தி குடும்பம் இருந்தது. அப்பாவை இடதுபக்கமும் அம்மாவை வலதுபக்கமும் போட்டிருந்தேன். ஒரு சத்தம் இல்லை, ஒரு முனகல் இல்லை. பெரியப்பா குடும்பம் பூண்டோடு காணாமல் போனது.

அந்த நேரம் அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார். "ஏலே செந்திலு, மல்லாங்கிணத்து மாமாவ விட்டுட்டேன்! போட்டுரு! தாய்மாமனையே விட்டுட்டேன் பாரு!"

சுந்தரபாண்டியன் மாமா அம்மாவின் அண்ணன். மல்லாங்கிணற்றில் உரக்கடை வைத்திருக்கிறார். அத்தையும் பிள்ளைகளும் கல்யாண வேலைக்கு முன்னாடியே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. மாமா மட்டும் கடையைப் பார்த்துக்கொண்டு கல்யாணத்தன்று காலையில் கிளம்புவார். ஆக, மல்லாங்கிணற்றுக்கு ஒரே ஒரு ஆள்.

அந்த ஊருக்கு ஒரு காலி லிஸ்ட்டைத் தொடங்கினேன். தாய்மாமன் அல்லவா, வெறும் பெயராகப் போட மனம் வரவில்லை. 'திரு. சுந்தரபாண்டியன் அவர்கள்' என்று மரியாதையோடு தட்டச்சு செய்து, லிஸ்ட்டோடு கூட்டினேன். எரர். லிஸ்ட்டை லிஸ்ட்டோடுதான் கூட்டலாம், வெறும் பெயரோடு கூட்டக் கூடாதாம். கூட்டலுக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறி சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் குறிகள் என்றுதான் கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள். என்ன ஆச்சரியம், எரர் போய்விட்டது! முன்னால் மாட்டேன் என்று சொன்னது இப்போது வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டது.

வாங்கிக்கொண்ட விதம்தான் கோளாறு. பெயரை ஒரு பெயராக வாங்கவில்லை. எழுத்து எழுத்தாகப் பிய்த்து வாங்கியிருந்தது. த ஒரு ஆள். அதன் மேல் இருந்த வளைவு தனி ஆள். ரு-வின் சுழி தனி ஆள். புள்ளி ஒரு ஆள். இடையில் விட்ட இடைவெளிகூட ஒரு ஆள். மொத்தம் இருபத்தொன்பது. 'சுந்தரபாண்டியன்' என்று மட்டும் போட்டிருந்தால் பதினைந்தோடு போயிருக்கும். நான் காட்டிய மரியாதைக்கு மட்டும் பதினான்கு இருக்கை.

பதினைந்து பேர் வரை வேன், அதற்கு மேல் பஸ் என்று எழுதியிருந்தேன். ஓடவிட்டேன். பாலவனத்தம்: வேன். மல்லாங்கிணறு: பஸ்.

எனக்கே ஒரு நொடி நெருடியது. கீழே இறங்கிப் போய் அம்மாவிடம் கேட்டேன்.

"ஏம்மா, மல்லாங்கிணத்துல நமக்கு நெறையப் பேரா?"

"எங்கண்ணன் இருக்காகளே, பத்தாதா?" என்றார் அம்மா, வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அதை நான் ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். வண்டிக்காரரிடம் பேசி ஒரு பஸ்ஸும் இரண்டு வேனும் சொன்னேன். வண்டிவாரியாகப் பெயர்களை ஒரு கடையில் அச்செடுத்து, உறையில் போட்டு ஒட்டி, டிரைவர்களிடம் கொடுத்து விட்டேன். ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அதுபோக, "இதுல பேரு இருக்குறவுகள மட்டும் ஏத்துங்கண்ணே. கண்டவங்களயும் ஏத்தாதீங்க" என்று ஒரு உத்தரவு வேறு.

கல்யாணத்தன்று நாங்கள் முதல் வேனிலேயே திருச்சுழி போய்ச் சேர்ந்துவிட்டோம். நான் பட்டு வேட்டியும், காதில் கம்பியில்லா இயர்போனுமாக மண்டப வாசலில் நின்று, வண்டிகளை எல்லாம் ஏதோ விமானத்தை இறக்குகிறவன் மாதிரி எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். பாலவனத்தம் வேன் டிரைவர் மாரி அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, இங்க ஒரு குடும்பம் ரெடியாகி நிக்கிறாக. பெரியவரு ஒருத்தரு, பொம்பளையாளுக, சின்னஞ்சிறுசுகன்னு ஒரு பத்துப் பன்னண்டு பேரு. பேப்பர்ல பேரு இல்ல. ஏத்திக்கவா?"

யார் என்று கேட்டிருக்கலாம். இரண்டே எழுத்து. யார். கேட்கவில்லை.

"அண்ணே, அது கம்ப்யூட்டரு போட்டது. தப்பே வராது. கல்யாண வண்டின்னா ஓசி சவாரிக்கு நாலு பேரு நிக்கத்தான் செய்வாங்க. நீங்க எடுத்துட்டு வாங்க."

சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் கேட்டார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். நிர்வாகத் திறமை என்றால் இதுதான் என்று எனக்குள் ஒரு பூரிப்பு.

முக்கால் மணி நேரத்தில் வேன் வந்தது. முதலில் சித்தி இறங்கினார். இறங்கின வேகத்தில் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"ஏலே கூறுகெட்டவனே, யாரலே ஓசி சவாரின்னு சொன்ன?"

"நான் எங்க சித்தி..."

"டிரைவரு ஸ்பீக்கர்ல போட்டிருந்தான்லே! தெருவே கேட்டுச்சு! நின்னது ஒம் பெரியப்பாலே!"

என் காதிலிருந்து இயர்போன் ஒன்று தானாகவே கழன்று கீழே விழுந்தது.

"நீங்க ஏறச் சொல்ல வேண்டியதுதானே சித்தி?"

"சொல்லாம இருப்பமா? ஏறுங்க மச்சான், எம்மடியில பேரப்பிள்ளைய வச்சிக்கிறேன்னு கெஞ்சுனேன். அவுக அசைஞ்சாத்தானே! 'நீங்க போங்கம்மா, நாங்க ஓசியில ஏற மாட்டோம்'னுட்டாக. பெரியம்மா பட்டுச்சேலையோட கல்லு மேல உக்காந்துட்டாக."

நான் அப்படியே ஓர் எட்டு வைத்துத் திருச்சுழிக் கோயில் குளத்தில் இறங்கிவிடலாமா என்று யோசித்தேன். குளத்திலும் தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

உள்ளே போய் அப்பாவிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. கேட்டுவிட்டு அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. மணமேடைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். அவ்வளவு வருடம் கழித்து அண்ணன் வீட்டுப் படியேறிப் போய்க் கூப்பிட்ட மனிதர். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு எந்தச் சிரிப்பும் வரவில்லை.

"எங்கண்ணன் வராம தாலி கட்டக் கூடாது" என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் பதறிப் போனார்கள். முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஐயர் கடிகாரத்தைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பெரியம்மாவுக்குச் செய்தேன். எடுக்கவில்லை. பெரியப்பா மகன் கதிர் அண்ணன் எடுத்து, "யாரு, கம்ப்யூட்டரா?" என்று கேட்டு வைத்துவிட்டார். மேடையில் அக்கா மாலையோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் இருந்ததை எழுதினால் இந்தக் கட்டுரையை அச்சடிக்க மாட்டார்கள்.

அப்போது வாசலில் பெரிய ஹாரன் சத்தம் கேட்டது. பஸ்! முழு நீளப் பஸ்! யாரோ, "பெரியப்பா வந்துட்டாக!" என்று கத்த, நாதஸ்வரக்காரர்கள் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். அப்பா ஓடினார். ஆரத்தித் தட்டோடு பெண்கள் ஓடினார்கள். பஸ்ஸின் கதவு திறந்தது. மல்லாங்கிணற்று மாமா இறங்கினார். தோளில் அங்கவஸ்திரம், கையில் ஒரு மஞ்சள் பை. அவருக்குப் பின்னால் யாரும் இறங்கவில்லை. நாதஸ்வரம் மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தது.

"எதுக்கு மாப்ள இம்புட்டுத் தடபுடலு?" என்று மாமா அப்பாவைப் பார்த்து வெட்கப்பட்டார். "ஒரு ஆளுக்குப் போயி முழு பஸ்ஸ அனுப்பிவிட்டிருக்கீக. கடைத்தெருவே வேடிக்க பாத்துச்சு."

பின்னாலேயே பஸ் டிரைவர் கொதித்துப்போய் இறங்கினார். "மிச்ச இருபத்தெட்டுப் பேரு வரவே இல்ல சார். எம்புட்டு நேரந்தான் நிக்கிறது? அவுகளுக்குப் பேரும் போடல, வெறும் இனிசியலுதான் போட்டிருக்கு. த யாருங்க, ர யாருங்கன்னு பஸ் ஸ்டாண்டுல தொண்ட வத்தக் கத்திட்டேன். ஒருத்தருக்கு வெறும் புள்ளி. ஒருத்தருக்கு அதுவும் இல்ல, வெத்து எடம். வெத்து எடத்த எப்படிங்க கூப்புடுறது?"

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். என் அண்ணனை வேண்டுமென்றே விட்டுவிட்டு உன் அண்ணனுக்குப் பஸ்ஸா என்று அந்தப் பார்வை கேட்டது. அம்மாவுக்குக் கணவனைக் கண்டு பயம் ஒரு பக்கம், அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கிய பெருமை ஒரு பக்கம். இரண்டும் அவர் முகத்தில் இடம் பிடிக்க முட்டிக்கொண்டன. "எனக்கு ஒண்ணுந் தெரியாது, எல்லாம் ஒங்க மகன் போட்டது" என்று கடைசியில் என்னைத் தூக்கி நடுவில் போட்டார்.

எல்லோரும் என் பக்கம் திரும்பிய அந்தச் சமயத்தில்தான், பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு குட்டியானை வந்து நின்றது. சின்னச் சரக்கு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். திறந்த பின்பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, பட்டுச்சேலையும் பட்டு வேட்டியுமாகப் பெரியப்பா குடும்பம் மொத்தமும் நின்றுகொண்டிருந்தது.

மொத்தமும் தும்மிக்கொண்டிருந்தது.

அது முந்தின நாள் மிளகாய் வத்தல் லோடு ஏற்றிய வண்டி என்பது பிறகுதான் தெரிந்தது. ஓசியில் வேண்டாம், காசு கொடுத்தே போவோம் என்று பெரியப்பா கிளம்பியபோது அவசரத்துக்குத் தெருவில் கிடைத்தது அது ஒன்றுதான். பாலவனத்தத்திலிருந்து திருச்சுழி வரைக்கும் காற்று அடித்த அடியில், தரையில் கிடந்த வத்தல் தூள் எல்லாம் கிளம்பி அவர்கள் மூக்குக்குள் போயிருந்தது. பெரியம்மாவின் மை வழிந்து கன்னம் வரை வந்திருந்தது. கதிர் அண்ணனின் கண் இரண்டும் செம்பருத்தி மாதிரி இருந்தது.

பெரியப்பா இறங்கினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். எனக்கு நேரே வந்து நின்றார்.

"ஓசி சவாரிக்காரங்க... ஹச்... வந்துட்டோம்ப்பா" என்றார்.

நான் அவர் காலில் விழுந்தேன். விழுந்ததில் வேட்டியிலிருந்த வத்தல் தூள் எனக்கும் ஏறியது.

பேச நேரமில்லை. ஐயர் உள்ளிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். அத்தனை பேரும் அப்படியே மேடைக்கு ஓடினோம். தாலி கட்டுகிற நேரத்தில் யாரும் தும்மக் கூடாது என்று நம் ஊரில் அபசகுனக் கணக்கு ஒன்று உண்டு. தும்மல் காதில் விழாமல் இருக்கத்தான் கெட்டிமேளமே. சாதாரணமாக அதற்கு வேலை இருக்காது. அன்றைக்கு இருந்தது. பெரியப்பா தாலித் தட்டைத் தொட்டுக் கொடுக்கக் கையை நீட்டினார். மூக்கு விடைத்தது. தவில்காரர் அதைப் பார்த்துவிட்டார். யாரும் கைகாட்டுவதற்கு முன்னாலேயே அடிக்க ஆரம்பித்தார். பெரியப்பா தும்மி முடிந்தால் பெரியம்மா, பெரியம்மா முடிந்தால் மருமகள், மருமகள் முடிந்தால் பேரப்பிள்ளைகள். தவில்காரரும் விடவில்லை. மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதை எல்லாம் தீர்ந்து, மாப்பிள்ளை எழுந்து நின்ற பிறகும் கெட்டிமேளம் நிற்கவில்லை. திருச்சுழியில் அவ்வளவு நீளமான கெட்டிமேளத்தை யாரும் கேட்டதில்லை என்று அத்தான் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் விசாரணை நடந்தது. பெரியப்பா நடுவில். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் பஸ் மாமா. எதிரே இலை போடாமல் நான்.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். லிஸ்ட்டைக் கூட்டலாம், டிக்‌ஷனரியைக் கூட்ட முடியாது, அதனால் பைப் போட்டேன், பைப் போட்டால் ஒரே ஊரில் இரண்டு குடும்பம் இருந்தால் இடது பக்கத்துக் குடும்பம் போய்விடும். அப்பாவின் இலையில் இரண்டு அப்பளத்தை வைத்து விளக்கினேன். வலது அப்பளம் இருந்தது, இடது அப்பளத்தை நொறுக்கிக் காட்டினேன். யாருக்கும் புரியவில்லை. பெரியப்பா மட்டும் கவனமாகக் கேட்டார்.

"அப்ப ஒங்கம்மா வீட்டாள்கள எடது பக்கம் போட்டு எங்கள வலது பக்கம் போட்டிருந்தா?"

"சித்தி குடும்பம் போயிருக்கும் பெரியப்பா."

"நாங்க வேன்ல வந்திருப்போம்?"

"ஆமா பெரியப்பா."

பெரியப்பா ரசத்தை உறிஞ்சி முடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "இம்புட்டுத் தெரிஞ்சவன், அப்படிப் போட வேண்டியதுதான?"

அடுத்த பந்தியிலிருந்து சித்தி, "என்னது?" என்று எழுந்தார். கூடமே சிரித்தது. அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. பெரியப்பா அவர் தலையில் தட்டிக்கொண்டே, "மெதுவாலே, மெதுவா" என்றார். அப்பா அப்படியே திரும்பி அண்ணன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அழுதாரா என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் சட்டையில் இருந்த வத்தல் தூள் ஏறி, அவரும் தும்ம ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். எதனால் வந்தது என்று இருவருமே இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

"யார்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லய்யா நீயி" என்று போகும்போது பெரியப்பா என்னிடம் தனியாகச் சொன்னார். அதை மட்டும் சிரிக்காமல் சொன்னார். நிரலில் இருந்த தவறுகளை அன்றைக்கே சரிசெய்துவிட்டேன். இந்த ஒன்றுக்கு இன்றுவரை திருத்தம் கண்டுபிடிக்கவில்லை. போனை எடுத்தால் முதல் வார்த்தை 'யாரு?' என்றுதான் வருகிறது. அம்மாவே கூப்பிட்டாலும்.

அதோடு எங்கள் குடும்பத்துக்கு ஒரு புதுச் சொல்லும் கிடைத்தது. ஒருவரை விட்டுவிட்டால் 'பைப்பு போட்டுட்டான்' என்பது வழக்கமாகிவிட்டது. பந்தியில் பெரியம்மாவுக்கு வடை வராமல் போனால், "ஏண்டி, எனக்கு வடைய பைப்பு போட்டுட்டியா?" என்பார். குழுவாக எடுத்த போட்டோவில் கதிர் அண்ணன் பாதி வெட்டுப்பட்டிருந்தால், "என்னைய பாதி பைப்பு போட்டிருக்கானுக" என்பார். புதிதாக வந்த மருமகள்களுக்கு இது என்னவென்று புரிய ஒரு கல்யாணமாவது ஆகும். மாமாவோ எந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும், வெற்றிலையை எடுத்துக்கொண்டே, "பஸ்ஸு எத்தன மணிக்கு வரும்?" என்று கேட்கிறார். விளையாட்டுக்குக் கேட்கிறாரா, உண்மையாகவே எதிர்பார்க்கிறாரா என்பது தெரியவில்லை.

போன மாதம் மீனா அக்கா திருச்சுழியில் புது வீடு கட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க எல்லோரும் போயிருந்தோம். பெரியப்பா குடும்பத்தை என் காரில் நானே போய் ஏற்றிக்கொண்டு வந்தேன். குளியலறை வேலைக்கு வந்திருந்த பிளம்பர், விவரம் தெரியாத மனிதர், பெரியவர் என்ற மரியாதையில் நேராகப் பெரியப்பாவிடம் போய்க் கேட்டார்.

"ஐயா, பைப்பு எந்தப் பக்கம் போடட்டும்? வலது பக்கமா, எடது பக்கமா?"

பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். அப்பா ஏற்கெனவே சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்திருந்தார்.

"எந்தப் பக்கம் வேணாலும் போடுய்யா" என்றார் பெரியப்பா. "நாங்க நிக்கிற பக்கம் மட்டும் போட்டுறாத."